இறங்கும் தண்ணீர்

அத்தியாயம் 17

போன வாரம் ஒடெட்டைப் பள்ளிக்கூடச் சமையலறையில், ஒரு கையில் கரண்டியும் மறு கையில் தொலைபேசியுமாக, பதில் சொல்ல முடியாமல் நிற்கவைத்துவிட்டு வந்தோம். மகள் மேலீன் கேட்டது ஒரே கேள்விதான். பேட்டன் ரூஜில், நடமாட முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் ஒரு அறை காலியாகிறது. அப்பாவுக்கு அதைப் பிடித்து வைக்கட்டுமா, வேண்டாமா?

"சனிக்கிழமை நேர்ல வா, பேசிக்கலாம்" என்று சொல்லி ஒடெட் தப்பித்துக்கொண்டாள். சனிக்கிழமைக்கு என்ன, அது பாட்டுக்கு வந்துவிட்டது.

மேலீனைத் திட்டிக் கடிதம் எழுதிய வாசகிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் கெட்டவள் இல்லை. அப்பா கீழே விழுந்து கிடப்பதாக எப்போது போன் வருமோ என்று தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு தூங்குகிற பெண். அப்படித் தூங்குகிறவர்களுக்கு நாக்கில் இனிப்பு குறைந்துவிடும்.

ஒடெட்டின் கணவர் ராய்ஸ் ஆயுள் முழுக்க எண்ணெய் ஆலையில் வெல்டராக இருந்தவர். போன வசந்தத்தில் பக்கவாதம் வந்து வலப்பக்கத்தைப் பறித்துக்கொண்டு போனது. மருத்துவமனையில் கொடுத்த பயிற்சியை, காப்பீட்டுக் கம்பெனி திடீரென்று, இவ்வளவு போதும் என்று நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அவரை எழுப்பி நிறுத்தியது வீட்டுக் கொல்லையில் இருக்கிற வட்டக் குளம்தான்.

குளம் என்றால் தரையைத் தோண்டிக் கட்டியதில்லை. தரைக்கு மேலே மார்பளவு உயரத்துக்கு மெல்லிய இரும்புத் தகட்டை வட்டமாக வளைத்து நிறுத்தி, உள்ளே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுத் தண்ணீர் நிரப்பியது. ஒடெட்டின் தம்பி ஒரு கோடையில் நிறுத்திக் கொடுத்தான். உப்புத் தண்ணீர்க் குளம். கண்ணீரில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் உப்பு. பம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஷின் அந்த உப்பிலிருந்தே குளோரினைச் செய்துகொள்ளும்.

அந்தத் தண்ணீரில் மார்பு வரை நின்றால் ராய்ஸுக்குக் கால் சொன்னபடி கேட்டது. கோடை முழுக்க, ஒடெட் பின்னால் நின்று பிடித்துக்கொள்ள, ஏணிப் படியில் இறங்கி, கைத்தடி இல்லாமல் சுற்றிச் சுற்றி நடந்தார். செப்டம்பரில் தரையிலும் நாலடி வைத்தார். அதைப் பார்த்துத்தான் மேலீன் ஒரு தவணை கொடுத்தாள். ஏப்ரல் கடைசியில் வரும் ஈஸ்டருக்குள் கொல்லைக் கதவிலிருந்து வேலிக் கதவு வரைக்கும் அவரே நடந்து காட்டிவிட்டால் அந்த இல்லத்தின் பேச்சையே எடுக்க மாட்டாள். காட்டாவிட்டால் அப்பா போகத்தான் வேண்டும்.

ஆகவே குளம் குளிர்காலத்தைத் தாண்டியாக வேண்டும். ஏப்ரலில் தண்ணீர் சூடேறியதும் மறுபடி இறங்க வேண்டும். ராய்ஸின் நினைப்பு முழுக்க அதில்தான் இருந்தது.

லூசியானாவில் எங்கள் பக்கம் குளிர்காலம் பேருக்குத்தான். கிறிஸ்துமஸுக்குக் கொசு கடிக்கும். குளத்துத் தண்ணீரைப் பாதி இறக்கி, மேலே தார்ப்பாய் கட்டி, வசந்தம் வரை மறந்துபோவதெல்லாம் வடக்கத்தி ஆட்கள் செய்கிற வேலை. எங்கள் ஊரான லேக் சார்ல்ஸில் அப்படிச் செய்தால் கேலிதான். நாங்கள் திறந்தே வைத்திருப்போம். இலையை வடிப்போம், பம்பை ஓட்டுவோம், என்றைக்காவது உறைகிற ராத்திரி வந்தால் அன்றைக்கு மட்டும் விடிய விடிய ஓட்டுவோம்.

அக்டோபரிலிருந்து அதுதான் ராய்ஸின் உத்தியோகம். தினமும் காலையில் இடது கையில் தடியை ஊன்றி, வலது கையைக் குளத்துச் சுவரில் தேய்த்தபடி ஒரு சுற்று வருவார். மெஷினில் என்ன விளக்கு எரிகிறது, உப்பு போதுமா என்று பார்ப்பார். வீட்டில் அவர் சொல்லி நடக்கிற ஒரே காரியம் அதுவாக இருந்ததால் ஒடெட் மறுபேச்சுப் பேசியதில்லை.

இன்று காலை அரைக்கைச் சட்டை போடுகிற வெயில். ஆனால் ரேடியோ வேறு பாட்டுப் பாடியது. சாயங்காலத்துக்குள் வடக்கிலிருந்து குளிர் இறங்கும், ராத்திரி உறையும், பாலங்களில் ஐஸ் கட்டும். ஊரே கடைக்கு ஓடி வெங்காயமும் சாசேஜும் வாங்கியது. குளிர் இறங்குகிறது என்றால் எங்கள் ஊரில் எல்லா அடுப்பிலும் கம்போ என்கிற கெட்டிக் குழம்பு ஏறிவிடும். ஒடெட் மாவை எண்ணெயில் சிவக்க வறுத்துக்கொண்டிருந்தபோது ராய்ஸ் கதவருகில் வந்து நின்றார்.

"உப்பு விளக்கு மறுபடி சிமிட்டுது."

"போன சனிக்கிழமைதானே ஒரு மூட்டை கொட்டினேன்?"

"பத்தலைன்னு சொல்லுது. என்னைக் கேட்டா? அதைப் போய்க் கேளு."

"டாக்டர் உனக்கு உப்பை நிறுத்தினதுல இருந்து அந்த மெஷினுக்கு வாய் நீண்டு போச்சு. உன் பங்கையும் சேத்துக் கேக்குது."

"அதுக்காவது போடு, ஷா. எனக்குத்தான் அட்டைப்பெட்டியைத் திங்கற மாதிரி சமைக்கிறே."

ஷா என்பது எங்கள் பக்கத்துச் செல்லம். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஒடெட் அடுப்பைத் தணித்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கி, குளத்தின் விளிம்பில் சாய்த்து, கத்தியால் கிழித்துக் கொட்டினாள். இலைகளை உறிஞ்சி வடிகட்டுகிற வாய் சுவரில் எங்கே இருக்கிறதோ, அங்கே நின்றுதான் எப்போதும் கொட்டுவாள். அந்த வாய்க்குக் கீழே தகட்டில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. வாரா வாரம் பொரிந்துதான் இருக்கிறது. வாரா வாரம் செய்வது போலவே ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

*

மேலீன் மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டாள். கையில் பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாகச் சர்க்கரை தூவிய கிங் கேக் பெட்டி. ஜனவரியில் அது இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் ஒரு வாசல்படி ஏற மாட்டார்கள்.

"அப்பா, இளைச்சிருக்கீங்க."

"உங்கம்மா சாப்பாட்டுக்கு இளைக்காம?"

"நடக்கறீங்களா?"

"நடக்காம பறக்கறேனா?"

 அறைப் பேச்சு இப்போதே ஆரம்பித்துவிடும் போலிருந்தது. ஒடெட் மகளை வெளியே அனுப்ப ஒரு வேலை தேடினாள்.

"மேலீன், ராத்திரி உறையறதுக்குள்ள குளத்துக்கு ஒரு கேன் குளோரின் வேணும். குளிர்ல மெஷின் தூங்கிடுது. போற வழியில ஒரு பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போயேன். கடையில சும்மாவே சோதிச்சுச் சொல்வாங்க."

"இவ்வளவு நாளா சோதிக்கலையா?"

"விளக்குதான் சொல்லுதே" என்றார் ராய்ஸ்.

மேலீன் பாட்டிலைத் தண்ணீரில் அமுக்கி நிரப்பிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. குளோரின் கேனைக் காரிலேயே விட்டுவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்துக் கொல்லைப் படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே ராய்ஸ் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மூட்டை கொட்டினே?"

"அதை யாரு எண்ணினா? விளக்கு கேக்கும், கொட்டுவேன்."

"கடைப் பொண்ணு ரெண்டு தடவை சோதிச்சா. இருக்க வேண்டிய உப்புக்கு மேல ரெண்டு பங்கு இருக்காம். வீட்டுல இறால் வளக்கறீங்களான்னு கேட்டா."

"அப்ப விளக்கு ஏன் சிமிட்டுது?"

"தண்ணி குளுந்து போனா அந்த மெஷினுக்குக் கணக்குத் தப்பிடுமாம்மா. உப்பு இருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லுமாம். குளிர்காலத்துல யாரும் அதை நம்ப மாட்டாங்களாம். நவம்பர்லேர்ந்து அது பொய் சொல்லுது, நீங்க ரெண்டு பேரும் கொட்டிக்கிட்டே இருந்திருக்கீங்க."

 வடக்கத்திக்காரன் குளத்தை மூடிவிடுகிறான், அவனுக்கு இந்த விளக்கைப் பார்க்க வேண்டியதில்லை. திறந்து வைத்திருப்பவனுக்குத்தான் இந்த வினை. அது ஒடெட்டுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அது மட்டும் இல்ல. இங்க வா."

மேலீன் அவளை வடிகட்டும் வாய்க்கு அருகில் கூட்டிப்போனாள். காலையில் துடைத்த இடத்தில் அதற்குள் மறுபடி வெள்ளை பூத்திருந்தது. அதற்குக் கீழே, சுவர் தரையைத் தொடுகிற இடத்தில், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. ஒரு கொப்புளத்தின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு வழிந்து புல்லுக்குப் போயிருந்தது. அந்த இடத்துப் புல் செத்திருந்தது.

"கசியுதும்மா. உப்புத் தண்ணி தகட்டைத் தின்னுட்டிருக்கு."

"நான் துடைச்சுடுவேன்" என்றாள் ஒடெட். தான் சொல்வது தனக்கே கேட்காதது போல மறுபடி சொன்னாள். "வெள்ளையா இருக்கும். அப்பா பாத்தா கவலைப்படுவாருன்னு துடைச்சுடுவேன்."

மேலீன் அம்மாவைப் பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள், திட்டவில்லை. மேலீனிடம் எனக்குப் பிடித்தது இந்த மாதிரி நேரங்கள்தான்.

"இது பிச்சுக்கிட்டா என்ன ஆகும் தெரியுமா? இவ்வளவு தண்ணியும் ஒரே வாய்ல வெளிய வரும். அப்பா தினமும் சாயங்காலம் நாற்காலி போட்டு உக்காருறது எங்க?"

ஒடெட் நாற்காலியைப் பார்த்தாள். செத்த புல்லுக்கு மிகப் பக்கத்தில், வெயில் நன்றாக விழுகிற இடமென்று அவளே போட்டு வைத்தது. ஓடிப்போய் அதைச் சுவரிலிருந்து இழுத்துத் தள்ளினாள்.

*

ராய்ஸ் நம்பவில்லை.

"கடைப் பொண்ணுக்கு என்ன தெரியும்? அவ உப்பும் விப்பா, வேண்டாம்னும் சொல்வா. நான் தினமும் சுத்தி வரேன். சுவரைத் தடவித் தடவித்தான் வரேன். ஒரு கீறல் இருந்தா எனக்குத் தெரியாதா? இரும்பைப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டா."

"எந்தக் கையால தடவறீங்க?" என்றாள் மேலீன்.

ராய்ஸ் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார்.

மேலீன் அவரை வெளியே நடத்திக்கொண்டு வந்தாள். சுவருக்கு அருகில் நிறுத்தி, தடியை வாங்கிக்கொண்டு, அவர் இடுப்பைத் தன் தோளால் தாங்கிக் குனியவைத்தாள். இடது கையை எடுத்து அந்தக் கொப்புளத்தின் மேல் வைத்தாள்.

விரல்கள் ஒரு இடத்தில் நின்றன. பிறகு மெதுவாக நகர்ந்தன. கட்டைவிரல் ஒரு கொப்புளத்தை அழுத்தியது, பெயிண்ட் அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. உள்ளே இரும்பு இல்லை, பழுப்புத் தூள்தான் இருந்தது. தூளுக்குப் பின்னால் ஈரமாகப் பிளாஸ்டிக் விரிப்பு தெரிந்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது தெரிந்த சங்கதிதான். ஆனால் சறுக்கிய ஆனையின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. தன் வேலையில் ஒரு முறைகூட ஓட்டை விடாத மனுஷர், உணர்ச்சி செத்த கையை நம்பி மாதக்கணக்காகச் சுற்றி வந்திருக்கிறார். அவர் கண் கலங்கவில்லை. தாடை மட்டும் ஆடியது.

"விரிப்புதான் தாங்கிக்கிட்டிருக்கு" என்றார். "தகடு போச்சு."

"ஒட்டவைக்க முடியாதா?" ஒடெட் கேட்டாள். கேட்டபோதே அது எவ்வளவு கொடுமையான கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது.

"எதோட ஒட்டறது? ஒட்டறதுக்கு இரும்பு வேணும்." அவர் தடியை வாங்கிக்கொண்டார். "ராத்திரி உறைஞ்சு, விரிப்பு விறைச்சா நிக்காது. நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ஊர்லேர்ந்து வந்துடும். வேலியை ஒட்டித்தான் விளையாடும். தண்ணிய இறக்கிடுங்க."

"இறக்கினா விரிப்பு சுருங்கிடும்னு நீயே சொல்லுவியே. அப்புறம் இது உதவாதுன்னு."

"உதவாது" என்றார் ராய்ஸ். "இறக்குங்க."

புயல் வெள்ளத்துக்கென்று வாங்கிய பெட்ரோல் பம்ப் கார் கொட்டகையில் இருந்தது. மேலீனே இழுத்து வந்து, தடித்த குழாயைக் குளத்தில் விட்டு, இன்னொரு குழாயைத் தெருவோரச் சாக்கடைக்கு நீட்டி, கயிற்றை இழுத்துக் கிளப்பினாள். அது போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து போயின. சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்ததாலோ என்னவோ, அடுத்து அவள் சொன்னது நினைத்ததைவிடக் கடுமையாக விழுந்தது.

"அப்ப அந்த அறையை நான் பிடிச்சுடறேன்பா. திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

ராய்ஸ் இறங்குகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈஸ்டர் இன்னும் வரலையே, மேலீன்" என்றாள் ஒடெட்.

"எதை வெச்சு நடக்கப் போறார்? நீ சொல்லு. எதை வெச்சு?"

"நீ கெளம்பு. பாலத்துல ஐஸ் கட்டறதுக்குள்ள போய்ச் சேரு."

"நான் தப்பா என்ன சொல்லிட்டேன்?"

"தப்பா ஒண்ணும் சொல்லல. அதனாலதான் கெளம்புன்னு சொல்றேன்."

மேலீன் அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். அவர் தடுக்கவுமில்லை, திரும்பவுமில்லை. பிரிக்காத கிங் கேக்கைச் சமையலறை மேஜையில் விட்டுவிட்டு அவள் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

*

சொன்னபடியே வடக்குக் காற்று இறங்கியது. ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது போல வெயில் காலம் அப்படியே வெளியே போனது. ஒடெட் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து ராய்ஸின் தோளில் போர்த்தினாள். நாற்காலியைச் சுவரிலிருந்து தள்ளி, ஏணிப் பக்கமாகப் போட்டிருந்தாள்.

தண்ணீர் ஒரு கை அளவு இறங்கியிருந்தது. ஈர விளிம்பு வட்டமாகத் தெரிந்தது.

"ராய்ஸ், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த இடத்துல வெள்ளையா பொரியும். ரொம்ப நாளா. நான் துடைச்சுட்டு உன்கிட்ட சொல்லாம இருந்தேன்."

 பம்ப் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"சொல்லியிருக்கலாம்."

"நீ கவலைப்படுவியேன்னுதான்."

"நான் வெல்டர், ஒடெட். கவலைப்படறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே குடுத்தாங்க." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "எனக்குக் கால் போச்சு, சரி. கை போச்சு, சரி. கவலையையும் நீ எடுத்துக்கிட்டா எனக்குன்னு என்ன மிச்சம்?"

ஒடெட் அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை ஏப்ரனில் துடைத்தபடி அழுதாள். அவர் இடது கையால் அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

"சரி, போ. உப்பைக் கொட்டச் சொன்னது நான், கொட்டினது நீ. ஆளுக்குப் பாதி. போய்க் குழாய்க்கெல்லாம் துணி சுத்து. முன்பக்கத்துக் குழாயை மறந்துடாதே, போன தடவை அதுதான் வெடிச்சுது."

உறைகிற ராத்திரிக்கு முன்னால் வெளிக்குழாய்களுக்குப் பழைய துண்டுகளைச் சுற்றிக் கட்டி, உள்குழாய்களைச் சொட்டச் சொட்டத் திறந்து வைக்காவிட்டால் காலையில் வீடு மிதக்கும். ஒடெட் துண்டுகளை அள்ளிக்கொண்டு போனாள். முன்பக்கம், பக்கவாட்டு, கொட்டகைப் பக்கம். விரல் மரத்துப்போய் முடிச்சு விழ மறுத்தது. பிறகு உள்ளே போய் ஒவ்வொரு குழாயாகத் திருகி வைத்தாள். கம்போவைக் கிளறி, அடி பிடிக்காமல் தீயைக் குறைத்தாள். அறையைப் பற்றித் திங்கட்கிழமை மேலீனிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். 

சமையலறை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபோது வானம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. நாற்காலியில் கம்பளி இருந்தது. ராய்ஸ் இல்லை.

அவருடைய கைத்தடி ஏணியில் சாய்ந்திருந்தது.

*

ஓடி வந்து ஏணியில் ஏறிப் பார்த்தாள். ராய்ஸ் குளத்தின் நடுவில், உடுத்திய துணியோடு, தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எதையும் பிடிக்கவில்லை. இடது கையை மட்டும் கொஞ்சம் விரித்துவைத்திருந்தார்.

"ராய்ஸ்."

"பிடிக்க வராதே."

"உனக்குப் பைத்தியமா? ஐஸ் தண்ணி அது."

"இடுப்பளவு இருக்கும்போது இறங்கினேன். தனியா இறங்கினேன். நீ பிடிக்கல." பல் கிட்டியதில் சொற்கள் வெட்டி வெட்டி வந்தன. "இப்ப தொடைக்கு வந்துடுச்சு. நிக்கறேன் பாரு."

அவர் என்ன செய்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கோடையில் அவரைத் தாங்கியது தண்ணீர். தண்ணீர் இறங்க இறங்க அவர் உடம்பின் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காலுக்கே திரும்பி வருகிறது. முழுக்க இறங்கும் வரை விழாமல் நின்றுவிட்டால், குளம் இல்லாமலும் அவரால் நிற்க முடியும். எதை வெச்சு நடக்கப் போறார் என்று கேட்ட மகளுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

"கணுக்கால் வரைக்கும் இறங்கட்டும். அப்புறம் நானே வரேன்."

"நீயா வர முடியாது. நான் பின்னாலேர்ந்து தள்ளாம நீ இந்த ஏணியில ஏறினதே இல்ல."

"அப்ப வந்து நில்லு. தொடாம நில்லு."

ஒடெட் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். குளிர் எலும்பைப் பிடித்து முறுக்கியது. மூச்சு வரவில்லை. அவர் எதிரில் ஒரு கை தூரத்தில் போய் நின்றாள். கட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு மனது சொன்னது. இந்தக் குளிர்காலம் முழுக்க அவரைக் கேட்காமல் தான் துடைத்த துணி கண்முன் வந்தது. தொடாமல் நின்றாள்.

அவர்கள் இருவரும் அப்படி நின்றதை வேறு யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ராய்ஸின் வலது கால் உதறியது, நின்றது, மறுபடி உதறியது. அவர் கீழே பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கெண்டைக்காலுக்கு வந்தது. நீல விரிப்பில் படிந்த இலைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின.

"நிக்கறே" என்றாள் ஒடெட். "ராய்ஸ், நீ நிக்கறே."

அவர் ஏதோ சொன்னார். காற்றிலும் பம்ப் சத்தத்திலும் அவளுக்குப் புரியவில்லை.

"என்ன?"

மறுபடி சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வந்தது, சொல் வரவில்லை. வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு பேசுவது போலிருந்தது. போன வசந்தத்தில், பக்கவாதம் வந்த அன்று, காலை உணவு மேஜையில், அவர் முதன்முதலாக அப்படித்தான் பேசினார்.

குளிர்தான் என்று ஒடெட் தனக்குச் சொல்லிக்கொண்டாள். இந்தக் குளிரில் யாருக்குத்தான் நாக்கு புரளும்? தன் நாக்கையே அசைத்துப் பார்த்தாள். அது புரண்டது.

"சிரி" என்றாள். மருத்துவமனையில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சிரிக்கச் சொல்லணும், பேசச் சொல்லணும், கையைத் தூக்கச் சொல்லணும். "எனக்காக ஒரு தடவை சிரி, ராய்ஸ்."

அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அந்த மங்கிய வெளிச்சத்தில், ஏற்கெனவே ஒரு பக்கம் இழுத்திருந்த முகத்தில், எது பழைய கோணல் எது புதிய கோணல் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"இடது கையைத் தூக்கு."

ராய்ஸ் தன் இடது கையைப் பார்த்தார். அவருடைய நல்ல கை. வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார். அது எழவில்லை.

ஒடெட் பாய்ந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் விழவில்லை. ஆனால் அவருடைய மொத்தக் கனமும் அவள் மேல் சாய்ந்தது. குளத்தில் விட்டிருந்த குழாய் கடைசித் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் கொறகொறவென்று இரைந்தது. அவள் மேலீனைக் கூப்பிட்டாள், பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள், கடவுளைக் கூப்பிட்டாள். பம்ப் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தொலைபேசி சமையலறை மேஜையில், கேக் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுக்க ஏணி ஏறி இறங்கிக் கொல்லையைக் கடந்து போக வேண்டும். போவதற்கு முதலில் அவரை விட வேண்டும். விட்டால் அவர் நிற்பாரா என்பதுதான் கேள்வி, அதை அவரிடம் கேட்டால் அவரால் இனிப் பதில் சொல்ல முடியாது.